யார் வீட்டுத் துட்டு?

நெய்வேலி யாருடைய காசில் எழுந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

‘நம்ம காசுதான், வேற யாரு காசு?’ என்பீர்கள். பாதி சரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிற்பாடு தெரிந்தது. அவர் நிலத்தைத் தானமாகவே கொடுத்தார். 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இதுவரை நம் கதை.

அதற்கப்புறம்? 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் சோவியத் யூனியனின் உதவியில் வந்தது. 2020-ல் மூடும்வரை அதுதான் நமக்கு விளக்கேற்றியது. பூமியை வெட்டி வாரும் அந்த ராட்சசச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. விரிவாக்கத்துக்கு ஜெர்மன் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. கடன் கொடுத்தது. அந்தக் கடனுக்கு மத்திய அரசே ஜாமீன் நின்றது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நம்மிடம் நிலக்கரி இருந்தது, இயந்திரம் இல்லை. இருந்தவர்களிடம் வாங்கினோம். யாரும் இதை ‘அந்நிய சதி’ என்று சொன்னதில்லை. ஸ்கூல் பையன்களை பஸ் வைத்து அழைத்துப் போய் அந்தச் சக்கரத்தைப் பெருமையாகக் காட்டினோம்.

பக்கத்து தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-ல் ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஒன்று வந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்து விவசாயிக்குக் கொடுக்கும் திட்டம். அதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்காவின் ஃபோர்டு ஃபவுண்டேஷன். கூடங்குளம்? 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். அணு உலை ரஷ்யாவுடையது. அதைக் கட்டக் கடன் கொடுத்ததும் ரஷ்யாதான்.

ஆக, அணை கட்ட, ஆலை கட்ட, உலை கட்ட வெளிநாட்டுப் பணம் வந்தால் ஆரத்தி எடுக்கிறோம். ‘இந்த ஆலையால் என் கிணறு என்ன ஆச்சு?’ என்று ஒருத்தன் கேட்டவுடன்தான் நம் ஆட்சியாளர்களுக்கு தேசபக்தி பொங்குகிறது. ‘உனக்குப் பணம் எங்கிருந்து வருது?’

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும். கேள்வி நல்ல கேள்வி. கேட்கிற ஆட்கள்தான் சரியில்லை.

*

கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011-ல் இடிந்தகரை மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவை எளிமையான கேள்விகள். விபத்து நடந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள்? கழிவை எங்கே வைப்பீர்கள்? கடல் சூடானால் மீன் என்ன ஆகும்?

2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அணு மின் திட்டம் சிக்கலில் இருப்பதற்குப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து இயங்கும் தொண்டு நிறுவனங்களே காரணம் என்றார். படித்தவர், பண்பாளர், சத்தம் போட்டுப் பேசாதவர். அவரே அப்படிச் சொன்னார். நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரைப் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்து ஜனங்கள் மேல் தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. கடலுக்குப் போகிற மீனவர்கள் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் பந்தல் நடக்கிறது என்று அவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மன்மோகன் சிங் போனார், மோடி வந்தார். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு அரசுக்கும் ஒரே குரல். 2014 ஜூனில் உளவுத் துறையின் அறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. தொண்டு நிறுவனங்களின் போராட்டங்களால் நாட்டின் வளர்ச்சியில் 2 முதல் 3 சதவிகிதம் வரை அடிபடுகிறது என்றது அது. 2023 ஏப்ரலில் தமிழக ஆளுநர் ஆர்.என்.ரவி, ஸ்டெர்லைட் ஆலையை மூடுவதற்கு மக்கள் வெளிநாட்டுப் பணத்தால் தூண்டிவிடப்பட்டார்கள் என்று பேசினார். 13 பேரைச் சுட்டுக் கொன்ற ஊரைப் பற்றி, செத்தவர்களின் வீட்டார் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசினார்.

ஒரு வாதத்துக்காக, பணம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதா இல்லையா? தண்ணீர் கெட்டிருந்தால் கெட்டதுதான். அதைச் சொன்னவர் பாக்கெட்டில் டாலர் இருந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

*

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்த நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று பெயர். முதலில் எப்போது வந்தது தெரியுமா? 1976. எமர்ஜென்சி. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் இருந்தபோது, பத்திரிகைகளுக்கு சென்சார் இருந்தபோது வந்த சட்டம். எங்கும் ‘அந்நியக் கை’யைப் பார்த்த இந்திரா காந்தி கொண்டு வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கூத்து. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கேரளத்திலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்ட்டுகளைத் தோற்கடிக்க அமெரிக்கா இரண்டு முறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது, ஒரு முறை இந்திரா காந்தியின் கையிலேயே கொடுத்தது என்று அதில் எழுதினார். அவர் தரப்பு மறுத்தது. உண்மை அவர்களுக்கே வெளிச்சம்.

மறுக்க முடியாத கதை ஒன்று இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

2014 மார்ச் 28. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காங்கிரஸும் பாரதிய ஜனதாவும் சட்டத்தை மீறி அந்நிய நன்கொடை வாங்கியிருக்கின்றன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று உள்துறைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. பணம் கொடுத்தது யார்? லண்டன் வேதாந்தாவின் பிள்ளை நிறுவனங்கள். அதில் ஒன்றின் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டெர்லைட்.

நடவடிக்கை எடுத்தார்களா? எடுத்தார்கள். சட்டத்தின் மேல் எடுத்தார்கள்! 2016 பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு திருத்தத்தைச் செருகி, ‘அந்நிய மூலம்’ என்பதற்கான விளக்கத்தையே மாற்றினார்கள். இப்படிப்பட்ட கம்பெனிகள் கொடுத்தால் அது அந்நியப் பணம் இல்லை என்று ஆனது. 2010-லிருந்தே அது செல்லும் என்றார்கள். பிறகுதான் கவனித்தார்கள், வழக்கில் இருந்த பணம் அதற்கும் முன்னால் வந்தது. விட்டார்களா? 2018 மார்ச்சில் இன்னொரு பட்ஜெட் மசோதா, இன்னொரு திருத்தம். இந்த முறை 1976 ஆகஸ்ட் 5 வரைக்கும் பின்னால் போனார்கள். 42 வருடப் பாவத்தை ஒரே முழுக்கில் கழுவினார்கள். மக்களவையில் விவாதமே இல்லை.

அடுத்த இரண்டு மாதத்தில், 2018 மே 22, தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆலை கட்சிகளுக்குக் கொடுத்த பணம் அந்நியப் பணம் இல்லை என்று டெல்லியில் சட்டம் செய்தார்கள். அந்த ஆலையை எதிர்த்த மக்களிடம்தான் அந்நியப் பணம் இருப்பதாக ராஜ்பவனில் பேசினார்கள்.

பி.எம். கேர்ஸ் என்று ஒரு நிதி, 2020 மார்ச்சில் ஆரம்பித்தார்களே, அது வெளிநாட்டு நன்கொடை வாங்கலாம். எஃப்.சி.ஆர்.ஏ.யிலிருந்து விலக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேட்டால், ‘இது அரசு நிதி இல்லை’ என்று பதில். அதே 2020 செப்டம்பரில் தொண்டு நிறுவனங்களுக்குச் சட்டத்தை இறுக்கினார்கள். நிர்வாகச் செலவு 50 சதவிகிதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்குப் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்றார்கள். வெளிநாட்டுப் பணம் வரவேண்டிய கணக்கு டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். குறிஞ்சிப்பாடியில் பத்துப் பெண்கள் நடத்துகிற அமைப்புக்கும் இதே விதி. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ரத்தாகியிருக்கிறது. அவற்றில் டுபாக்கூர் அமைப்புகளும் உண்டு, கணக்குக் காட்டாத சோம்பேறிகளும் உண்டு. கேள்வி கேட்டதற்காகப் போனவர்களும் உண்டு.

உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது. கட்சி அரசியல் நோக்கம் இல்லாமல், மக்கள் உரிமைக்காக பந்த், மறியல் மாதிரி வழிகளில் துணை நிற்கிறது என்பதற்காக ஓர் அமைப்பை ‘அரசியல் அமைப்பு’ என்று முத்திரை குத்தி நன்கொடையை மறுக்க முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் பயத்துக்குத் தீர்ப்பு தெரியாதே!

‘அப்ப உள்ளூர்ப் பணம்னா ஓகேவா?’ என்று கேட்கிறீர்களா? அதையும் பார்த்துவிட்டோம். தேர்தல் பத்திரம் என்ற திருட்டுக் கதவை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் மூடிய பிறகு கணக்கு வெளியே வந்தது. லாட்டரி மார்ட்டினின் கம்பெனி மட்டும் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 509 கோடி தங்களுக்கு வந்தது என்று தி.மு.க.வே கணக்குக் கொடுத்திருந்தது. சுத்தமான சுதேசிப் பணம்! இந்தக் கணக்கை நம் கண்ணில் காட்டியது யார்? ஏ.டி.ஆர்., காமன் காஸ் போன்ற அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் போட்ட வழக்கு. அப்படிப்பட்ட அமைப்புகள் இல்லாவிட்டால் அந்த 509 கோடி உங்களுக்கும் எனக்கும் தெரிந்தே இருக்காது.

*

இதுவரை படித்துவிட்டு, தொண்டு நிறுவனத்து அன்பர்கள் சிலர் கை தட்டத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அடுத்தது உங்கள் முறை.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அலை எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஜீப்பும் வந்தது. அதில் ராத்திரி பகலாக உழைத்தவர்கள் பலர். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரே குப்பத்தில் நாலு அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்த கதையும் நடந்தது. முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் தமிழகக் கரையில் சேர்ந்தன. ஏன்? நன்கொடையாளருக்கு அனுப்ப போட்டோ வேண்டும். படகு போட்டோவில் அழகாக விழும். நில உரிமை போட்டோவில் விழாது.

நோய் இதுதான். பணம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் முகம் திரும்பிவிடுகிறது. அறிக்கை பானுக்கும் வாஷிங்டனுக்கும் போகிறது, மந்தாரக்குப்பத்துக்கு வருவதில்லை. மூன்று வருட ‘ப்ராஜெக்ட்’ முடிந்தால் பிரச்சினையும் முடிந்ததாகப் பெயர். சேரிக்கு ரோடு விடமாட்டேன் என்கிற சாதித் திமிர், அறிக்கையில் ‘சோஷியல் எக்ஸ்க்ளூஷன்’ ஆகிவிடுகிறது. அதை வாசிக்கிறவனுக்கும் வலிக்காது, எழுதினவனுக்கும் ஆபத்தில்லை. ஊர்க்காரர் ஒருத்தர் வந்து ‘எங்க பேரைச் சொல்லி எவ்வளவு வாங்கினீங்க?’ என்று கேட்டால் காட்ட ஒரு பலகை உண்டா உங்கள் ஆபீஸ் வாசலில்? அரசிடம் தகவல் உரிமை கேட்கிற நீங்கள், ஊருக்குத் தகவல் தர வேண்டாமா?

கொடுக்கிறவர்களும் மகாத்மாக்கள் இல்லை. உலக ஜனநாயகத்துக்காகக் கண்ணீர் விடுகிற அமெரிக்காதான் 1973-ல் சிலியில் மக்கள் தேர்ந்தெடுத்த அயெந்தே அரசைக் கவிழ்க்கக் குழி பறித்தது. பத்து வருடம் கழித்து, 1983-ல், உலகெங்கும் ஜனநாயகம் வளர்க்க ஒரு அறக்கட்டளையையும் அதே நாடு தொடங்கியது. ஒரு நாட்டின் அரசாங்கம் இன்னொரு நாட்டுக்குத் தருகிற பணத்தில் அந்த நாட்டின் கணக்கு ஒன்று எப்போதும் இருக்கும். இதைச் சொன்னால் தேசபக்தரும் ஆகிவிட மாட்டோம், துரோகியும் ஆகிவிட மாட்டோம். நடைமுறை அறிவு, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதை 2025-ல் உலகமே பார்த்தது. ஜனவரி 20-ம் தேதி டிரம்ப் பதவி ஏற்றார். அன்றைக்கே ஒரு கையெழுத்து. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி மொத்தமும் நின்றது. ஜூலை 1-ல் யூ.எஸ்.எய்டு என்ற அமைப்பே மூடப்பட்டது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனையின் ஏபேக் திட்டம் நடத்திய அந்தப் பிரசாரத்துக்கு யூ.எஸ்.எய்டு பணம்தான் வந்தது. உருப்படியான வேலை. அந்த மாதிரி வேலைகள் உலகம் பூராவும், மருத்துவம் முதல் தேர்தல் கண்காணிப்பு வரை, ஒரே கையெழுத்தில் அந்தரத்தில் தொங்கின.

அதே வேகத்தில் நமக்கும் ஒரு நாடகம் கிடைத்தது. இந்தியாவில் வாக்குப் பதிவை அதிகரிக்க ஒதுக்கிய 2.1 கோடி டாலரை ரத்து செய்துவிட்டோம் என்று பிப்ரவரியில் எலான் மஸ்க்கின் குழு அறிவித்தது. டிரம்ப் அதையே மேடை மேடையாகச் சொன்னார். இங்கே பாரதிய ஜனதா ‘பார்த்தீர்களா அந்நியத் தலையீட்டை, யார் வாங்கினது?’ என்று காங்கிரஸைக் காட்டியது. காங்கிரஸ் திருப்பிக் காட்டியது. டி.வி.யில் ஒரு வாரம் தொண்டை கிழிந்தது. அந்தப் பணம் பங்களாதேஷுக்கு ஒதுக்கப்பட்டது என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஆவணங்களைப் பார்த்து எழுதியது. அப்படி 2.1 கோடி டாலர் எதுவும் இந்தியாவுக்கு வரவில்லை என்று அமெரிக்கத் தூதரகம் சொல்லியிருப்பதாக 2025 ஆகஸ்டில் நம் வெளியுறவுத் துறையே மாநிலங்களவையில் பதில் சொன்னது. கத்தினவர்கள் யாராவது வருத்தம் தெரிவித்தார்களா? உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே சமயத்தில் யூ.எஸ்.எய்டு இந்திய அரசோடு சேர்ந்து 75 கோடி டாலர் மதிப்பில் ஏழு திட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தது. நிதி அமைச்சகத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. அரசு கைநீட்டி வாங்கினால் ஒத்துழைப்பு. குடிமக்கள் வாங்கினால் சதி.

இந்தத் தந்திரம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியல் பேசும் அமைப்புகள் ‘அந்நிய ஏஜென்ட்’ என்று தங்களைத் தாங்களே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று 2012-ல் ரஷ்யா சட்டம் போட்டது. ஸ்டாலின் காலத்தில் காணாமல் போனவர்களின் பெயர்களைத் தேடித் தேடிச் சேர்த்த ‘மெமோரியல்’ அமைப்பை அந்தச் சட்டத்தை வைத்தே 2021 டிசம்பரில் கலைத்தார்கள். அடுத்த வருடம் அதற்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2024-ல் ஜார்ஜியாவும் இதே மாதிரி சட்டம் கொண்டுவந்தது. தெருவெல்லாம் ஜனங்கள் நின்று எதிர்த்தும் நிறைவேற்றினார்கள். எங்கே போனாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பணத்தைக் கேட்பார்கள், அப்புறம் வாயை அடைப்பார்கள்.

*

சரி, மறுபடி நெய்வேலிக்கு வருவோம்.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவி. பச்சைப் பசேல் என்று நின்ற நெல் வயலுக்குள் போலீஸ் காவலோடு பொக்லைன்கள் இறங்கின. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வேண்டுமாம். நிலத்தைப் பல வருடம் முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். கொடுத்த பணம் போதாது, சொன்ன வேலை வரவில்லை என்றார்கள் விவசாயிகள். சட்டப்படி யார் சொன்னது சரியோ, பால் பிடிக்கிற பயிரை இயந்திரம் வைத்து மண்ணோடு புரட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. நடுவில் பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

அதே வருடம் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலியைச் சுற்றியுள்ள தண்ணீரையும் மண்ணையும் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பாதரசம் உட்பட இருக்கக் கூடாதவை அளவு மீறி இருப்பதாக அது சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது.

இப்போது நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேபுக்கு அனுப்ப வேண்டும். பத்துக் கிணறு, பத்து போர்வெல், மழைக்கு முன்னும் பின்னும் என்று எடுத்தால் செலவு கூடிக்கொண்டே போகும். வழக்குப் போட வக்கீல் வேண்டும். ஆவணம் எடுக்க ஆள் வேண்டும். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான், ஆனால் அதைத் துரத்திக்கொண்டு மேல்முறையீடு, ஆணையம் என்று அலைய பஸ் காசு வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டும். ஜனநாயகம் ஓசியில் வராது.

இந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்? கிணற்றைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்படுகிற நிறுவனமா? சட்டப்படி லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பொறுப்புக்கு ஒதுக்குகிறார்கள். அதில் கக்கூஸ் கட்டுவார்கள், கம்ப்யூட்டர் கொடுப்பார்கள். தங்களையே விசாரிக்க எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்? அரசா? சுரங்கமே அதனுடையது. கட்சிகளா? அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்த்தோம். எல்லாக் கதவும் மூடினால், மூன்று வருடத் திட்டத்தோடு ஜன்னல் பக்கம் வெளிநாட்டுக்காரன் நிற்கிறான். அவன் தப்பாக வந்து நிற்கவில்லை. நாம் காலியாக விட்ட இடத்தில் நிற்கிறான்.

நாம் என்றால் நீங்களும் நானும்தான். ‘நாடு கெட்டுப்போச்சு சார்’ என்று டீக்கடையில் சொல்கிற நாம். திருப்பதி உண்டியலில் வருடத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. போடுகிறவர்கள் பெரிய பணக்காரர்கள் மட்டும் இல்லை. நம் மாதிரி மாதச் சம்பளக்காரர்கள், நம் ஊர்க்காரர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு, மசூதிக்கு, சர்ச்சுக்கு, அநாதை இல்லத்தில் பிறந்த நாள் சாப்பாட்டுக்கு எல்லாம் நாம் கொடுக்கிறோம். தமிழர்கள் கஞ்சர்கள் இல்லை. ஆனால் ‘கலெக்டர் ஆபீஸில் நமக்காகக் கேள்வி கேட்கிற ஆளுக்கு மாதம் நூறு ரூபாய்’ என்று யாராவது எடுத்து வைத்திருக்கிறோமா?

முடியாது என்று சொல்லாதீர்கள். நெய்வேலியே முடியும் என்று காட்டியிருக்கிறது. 2006 ஜூனில் மன்மோகன் சிங் அரசு நெய்வேலி நிறுவனத்தின் 10 சதவிகிதப் பங்கை விற்க முடிவு செய்தது. ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல்வர் கருணாநிதி டெல்லிக்கு எச்சரிக்கை விட்டார். சில நாட்களிலேயே நெய்வேலி மட்டும் இல்லை, எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையும் பிரதமர் நிறுத்தி வைத்தார். 2013-ல் கொஞ்சம் பங்கை விற்றே தீர வேண்டிய கட்டாயம் வந்தபோதும், வெளியார் கைக்குப் போகாமல் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. இந்தத் தொழிற்சங்கங்களின் பலம் எது? சம்பளக் கவரிலிருந்து மாதா மாதம் போகிற சந்தா. அந்தப் போராட்டத்தைப் பார்த்து ‘யார் காசு?’ என்று ஒரு மந்திரியாலும் கேட்க முடியவில்லை. காசு யாருடையது என்பது ஆர்ச் கேட்டில் நின்ற கூட்டத்திலேயே தெரிந்தது.

ராஜஸ்தானிலும் ஓர் உதாரணம் உண்டு. 1990-ல் அருணா ராய் போன்றவர்கள் தேவ்துங்ரி என்ற குக்கிராமத்தில் தொடங்கிய எம்.கே.எஸ்.எஸ். அமைப்பு. வெளிநாட்டு நிதி வேண்டாம், அரசு நிதியும் வேண்டாம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. தனி மனிதர்கள் கொடுக்கிற காசில்தான் ஓடும். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தபோது கிராமத்து வீடுகளிலிருந்து தானியம் வந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று பஞ்சாயத்துச் செலவுக்கு ரசீது கேட்டுத் தொடங்கிய அந்தப் போராட்டம்தான் 2005-ல் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டது. நாடே பயன்படுத்துகிற ஒரு சட்டத்துக்கு முதலீடு, ராஜஸ்தான் கூலிக்காரன் வீட்டுக் கோதுமை.

எல்லா அமைப்பும் இப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஏழை ஊரில் ஏழைகளின் சந்தாவை மட்டும் வைத்து லேப் செலவு செய்ய முடியாது. அதனால்தான் சொல்கிறேன், சந்தா அந்த ஊரோடு நிற்கக் கூடாது. நெய்வேலி மின்சாரத்தில் ஃபேன் சுற்றுகிற சென்னை வீடு அதில் பங்கு போட வேண்டும். பங்கு விற்பனையைத் தடுத்த அதே தொழிற்சங்கம், டவுன்ஷிப் மரநிழலில் குடியிருக்கிற அதே குடும்பங்கள், நிலம் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிற கிராமத்தின் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வருடத்தில் ஒரு நாள் சம்பளம் கொடுத்தால் என்ன? அதன் பிறகு அந்த அறிக்கையை எந்த மந்திரி ‘அந்நிய சதி’ என்று சொல்லிவிட முடியும்?

அரசுக்கு நான் வைக்கிற கோரிக்கை ஒன்றுதான். விதி எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். கிராமத்து அமைப்பு தன் கணக்கை வெளியிட வேண்டும் என்றால், கட்சியும் வெளியிடட்டும், பி.எம். கேர்ஸும் வெளியிடட்டும். தொண்டு அமைப்புகளுக்கும் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, சம்பளம் எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு என்று தமிழில், ஆபீஸ் வாசல் பலகையில் எழுதுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவரை மிரட்டுவது கஷ்டம்.

உங்களுக்கு இரண்டு கேள்விகள் தருகிறேன், கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஓர் அதிகாரியோ மந்திரியோ கவர்னரோ ‘இவங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருது’ என்று சொன்னால், உடனே கேளுங்கள். ‘இருக்கட்டும் ஐயா, அவங்க கேட்ட கேள்விக்கு பதில் என்ன?’

இரண்டாவது கேள்வி அன்றைக்கு ராத்திரி உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது. எனக்காகக் கேள்வி கேட்கிறவருக்கு இந்த மாதம் நான் எவ்வளவு கொடுத்தேன்?